அங்கீகரிக்கப்பட்ட வாழ்க்கை

மெத்தைக்காரர் செய்த முதல் தவறு, தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது.

தர்ம ஸ்தாபனத்தின் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர், "வாங்க, உக்காருங்க, மூச்சு வாங்குதே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அவ்வளவு அன்பாக விசாரித்தார். அந்த அன்பில் ஏமாந்துபோய், "சார், என் மனைவிக்கு ஒரு சக்கர நாற்காலி வேணும்" என்று சொல்லிவிட்டார் மெத்தைக்காரர். எழுத்தர் உச்சுக்கொட்டினார். தலையணை கனத்துக்கு ஒரு பதிவேட்டைத் திறந்து, வந்தவரின் தொழில், தெரு, வயது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையால் 'கேட்டவர்' என்று எழுதினார்.

"அவசரப்பட்டுட்டீங்களே ஐயா. கேட்டவங்களுக்கு நாங்க கொடுக்குறதில்லையே."

"கேக்காம இருந்தா எனக்கு வேணும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"வர்றவங்க எல்லாரும் இதே கேள்வியத்தான் போடுறாங்க" என்றார் எழுத்தர், வருத்தத்தோடு.

மெத்தைக்காரரின் மனைவி இருபத்திரண்டு வருடங்கள் ரயில் நிலையத்தில் மூன்றாம் எண் டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்தவர். முதுகில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். அதோடு கால்களின் பலமும் போய்விட்டது. கைகளுக்கும் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை, டிக்கெட் கொடுக்க அந்த இரண்டும் போதும். ஆனால் கவுண்ட்டர் அறைக்குள் வெளியாட்கள் கால் வைக்கக் கூடாது என்பது ரயில்வே விதி. கணவர் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைக்க முடியாது. நிலைய அதிகாரி இரக்கமுள்ள மனிதர். அடுத்த மாதம் கழிந்து ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குத் தானாக உள்ளே வந்து உட்கார்ந்தால் இடம் உங்களுடையது, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவதைத் தவிர எனக்கு வழியில்லை என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு மீதம் முப்பத்தெட்டு நாள் இருந்தது.

மெத்தைக்காரர் சும்மா இருக்கவில்லை. பழைய சோபா ஒன்றுக்குச் சக்கரம் மாட்டிப் பார்த்தார். முதல் சாக்கடை மூடியிலேயே சோபா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். "என்னைக் கொல்லணும்னா நேராவே செய்யுங்க. எதுக்கு இந்தச் சுத்துவழி?" என்றார் மனைவி, தரையில் கிடந்தபடி. புதிதாக வாங்க வசதியில்லை. ஸ்தாபனத்தின் கிடங்கில் நூற்றுப்பன்னிரண்டு சக்கர நாற்காலிகள் உறை பிரிக்காமல் நிற்கின்றன என்பது ஊரறிந்த விஷயம்.

"எல்லாம் நிறுவனரோட வாழ்க்கையிலேயே இருக்கு ஐயா" என்று எழுத்தர் விளக்கினார். நிறுவனர் பெரிய குடைத் தொழிற்சாலை வைத்திருந்தவர். பக்தியுள்ள புரொட்டஸ்டன்ட். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மழை பெய்துகொண்டிருந்தபோது தற்செயலாக ஜன்னலைத் திறந்தார். கீழே சுவரோரம் கால் விளங்காத ஒரு பெண் நனைந்துகொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே இறங்கிப் போய், பெட்டி தள்ளும் சக்கரங்களை மாட்டி ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். அந்த நாற்காலியிலிருந்து பிறந்ததுதான் இந்த ஸ்தாபனம்.

"ஆக, செவ்வாய்க்கிழமையா இருக்கணும். மழை பெய்யணும். வாயத் திறக்காம கீழ நிக்கணும். எங்க பார்வை அலுவலர் ஜன்னலத் திறக்கும்போது தற்செயலா உங்களப் பாக்கணும்."

"தற்செயலா எத்தனை மணிக்குப் பாப்பாரு சார்?"

"பத்தேகாலுக்கு."

மெத்தைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். வெள்ளையடித்த சுவர்களில் ஒரு படம்கூட இல்லை. கூடத்தின் நடுவில் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைச் செருப்பு இருந்தது. "படம் வைக்கிறது எங்க சபை வழக்கமில்ல" என்றார் எழுத்தர். "அப்ப இது?" என்று கேட்டதற்கு, "இது படமில்லையே, செருப்பு" என்று பதில் வந்தது.

வாய் தவறிக் கேட்டுவிட்டவர்களுக்கும் ஒரு பரிகாரம் இருந்தது. நிறுவனரின் வாழ்க்கையை ஏழு அமர்வுகளில் படித்து, தேர்வில் தேறினால் அந்தச் சிவப்புச் சொல்லை அடித்துவிடுவார்கள். மெத்தைக்காரர் பட்டறையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனார்.

வகுப்பை நடத்தியவர் வாழ்க்கை அலுவலர். நிறுவனரின் வாழ்க்கை பன்னிரண்டு அத்தியாயங்கள். அதைக் காப்பதே அவருடைய உத்தியோகம். 'நிறுவனர்' என்ற சொல் வரும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். "வணங்குறோம்னு யாரும் தப்பா நினைக்கக் கூடாது. நம்ம சபையில மனுஷங்கள வணங்குறது கிடையாது. எழுந்து நிக்கிறோம், அவ்வளவுதான்" என்று அவர் முதல் நாளே தெளிவுபடுத்தினார். பக்கத்து பெஞ்சில் ஒற்றைக்கால் தட்டச்சர் ஒருவர் இருந்தார். விதி ஒன்பதின்படி அவர் மட்டும் உட்கார்ந்தபடியே மனத்தளவில் எழுந்து நிற்கலாம். முதல் அமர்வில் நாற்பத்தாறு முறை எழுந்து நின்ற மெத்தைக்காரருக்கு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது அந்த விதி மேல் பொறாமையாக இருந்தது.

பிறந்தது, படித்தது, முதல் குடை, மழை, செருப்பு என்று வாழ்க்கை போய்க்கொண்டே இருந்தது. மழையன்று எந்தச் செருப்பு அதிகம் நனைந்தது என்பதில் மட்டும் ஓர் அமர்வு கழிந்தது. இடது செருப்பு. ஆறாவது அமர்வில் பன்னிரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் மெத்தைக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா காலமாகி எத்தனை வருஷமாச்சு சார்?"

"யார் சொன்னா? மேல ரெண்டாவது மாடியில இருக்காரே. தொண்ணூத்தொரு வயசு."

"வாழ்க்கை முடிஞ்சிடுச்சுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"வாழ்க்கை முடிஞ்சிடுச்சு. பதினோரு வருஷம் முன்னாடியே ஆட்சிக்குழு அங்கீகரிச்சாச்சு. அவருதான் இன்னும் இருக்காரு." அலுவலர் பெருமூச்சு விட்டார். "புதுசா எதுவும் செய்யாம இருக்கச் சொல்லிப் பணிவோட வேண்டிக்கிட்டிருக்கோம். ஒரு தடவை தோட்டக்காரருக்குக் கோட்டக் கழட்டிக் கொடுத்துட்டாரு. பதிமூணாவது அத்தியாயம் எழுதணுமா வேண்டாமான்னு மூணு மாசம் கூட்டம் நடந்துச்சு. கடைசியில கோட்டத் திருப்பி வாங்கிட்டோம்."

ஏழாவது அமர்வில் ஸ்தாபனத்தின் தலைவரான போதகர் நேரில் வந்து தேறியவர்களை ஆசீர்வதித்தார். குரலில் அவ்வளவு இனிமை. "நாற்காலிங்கிறது கிருபை. கேட்டதுக்காகக் கொடுத்தா அது கூலி. தகுதியப் பாத்துக் கொடுத்தா அது பரிசு. தேவையப் பாத்துக் கொடுத்தா அது வெறும் உதவி. உதவி செய்யறதுக்கு ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. நம்ம வேலை அது இல்ல."

"போன வருஷம் எத்தனை பேருக்கு ஐயா கிருபை கிடைச்சுது?" என்று தட்டச்சர் கேட்டார்.

"போன வருஷம் செவ்வாய்க்கிழமைல மழை இல்ல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"நல்லா பெஞ்சுது. அலுவலர் ஜன்னலயும் திறந்தாரு. சாரல் அடிச்சு அவர் மூக்குக்கண்ணாடி நனைஞ்சு போச்சு. மறைவான காரியங்கள ஆராயறது நமக்குத் தகாது."

பதிவேட்டில் சிவப்புச் சொல் அடிக்கப்பட்டது. மெத்தைக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் சுவரோரம் நிற்க ஆரம்பித்தார். அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் இருந்தார்கள். தட்டச்சரும் அவர்களோடு சேர்ந்திருந்தார். வரிசையில் முதலில் நின்றவருக்கு அது நான்காவது வருடம். பத்தேகாலுக்கு முதல் மாடி ஜன்னல் திறக்கும், பார்வை அலுவலர் வானத்தைப் பார்ப்பார், வானம் வெளுத்துக் கிடக்கும், ஜன்னல் மூடிக்கொள்ளும். திங்கட்கிழமை மழை கொட்டியது. வியாழக்கிழமை தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். செவ்வாய்க்கிழமை மட்டும் வெயில் பல்லைக் காட்டியது.

ஒரு செவ்வாயன்று தோட்டக்காரரின் கையிலிருந்த ரப்பர் குழாய் நழுவி, சரியாகப் பத்தேகாலுக்குப் பதினொரு பேரையும் நனைத்துவிட்டது. மேலே ஜன்னலும் திறந்திருந்தது. அலுவலர் பார்த்தேவிட்டார். எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உபதேச உபகுழு உடனே கூடி, மூன்று நாளில் முடிவு சொன்னது: மழை மேலிருந்து வருவது, குழாய்த் தண்ணீர் மனித முயற்சி, மனித முயற்சியால் கிருபையைப் பெற நினைப்பது சபையின் அடிப்படைக்கே விரோதம். நனைந்த பதினொரு பேரும் இனிமேல் நனைவதற்கு முன் யோசிக்கும்படி எச்சரிக்கப்பட்டார்கள்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது ஸ்தாபனத்திலிருந்து ஆள் வந்தது. நிறுவனரின் சக்கர நாற்காலியில் இருக்கைத் துணி கிழிந்துவிட்டது, தைத்துத் தர வேண்டும். மெத்தைக்காரர் ஊசி, மெழுகு நூல், கித்தான் துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். வாழ்க்கை அலுவலரும் கூடவே ஏறினார், கையில் குறிப்பேட்டோடு.

ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னல் கொண்டியில் அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தார்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த பெரியவரின் விரல்கள் ஓயாமல் போர்வையின் ஓரத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தன.

"வா தம்பி. அந்த ஊசிய இப்படிக் கொடு, ஒரு தையல் நான் போடுறேன். அம்பது வருஷம் குடை தச்ச கை, சும்மா வச்சிருந்தா அரிக்குது."

"வேண்டாம் ஐயா" என்றார் அலுவலர். "பத்தாவது அத்தியாயத்துலயே நீங்க தையல நிறுத்திட்டீங்க."

பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். மெத்தைக்காரர் கித்தானை இரட்டையாக மடித்துத் தைக்க ஆரம்பித்தார். குறுகலான, எடையில்லாத நாற்காலி. கவுண்ட்டர் அறைக் கதவில் தாராளமாக நுழையும். அந்த நினைப்பிலேயே ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது.

"வீட்டுல யார் யாரு தம்பி?"

"மனைவி மட்டும்தான் ஐயா."

"நல்லா இருக்காங்களா?"

அலுவலரின் பேனா மூடி திறக்கும் சத்தம் மெத்தைக்காரரின் முதுகுக்குப் பின்னால் வந்தது. ஏழு அமர்வுகள், நான்கு செவ்வாய்க்கிழமைகள், நனைந்த சட்டை எல்லாம் அவர் கண்முன் வந்து நின்றன. "நல்லா இருக்காங்க ஐயா" என்றார். சொன்னதும் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மீதித் தையலை அவர் தலை நிமிராமல் முடித்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் நல்லா இருக்கேனா?"

"அந்த ஆளு பேனாவோட நின்னுக்கிட்டு இருந்தாரு..."

"பெரிய மனுஷன் வலிய வந்து கேட்டிருக்காரு. நீங்க நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. ஒரு மாசம் அந்தக் கட்டடத்துக்குப் போயிட்டு வந்து அவங்க ஆளாவே ஆயிட்டீங்க."

மெத்தைக்காரர் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார், அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தார். "ஏங்க, இப்படி நடக்கத் தெம்பிருந்தா அடுத்த செவ்வாய்க்கிழமை என்னைத் தூக்கிட்டுப் போங்க" என்றார் மனைவி. "உங்க கிருபைய நானே வந்து பாக்குறேன்."

அடுத்த செவ்வாய் மாதத்தின் கடைசி நாள். மேகம் என்ற பேச்சே இல்லை. மெத்தைக்காரர் மனைவியை முதுகில் சுமந்து வந்து, கருவிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சுவரோரம் அதன் மேல் உட்காரவைத்தார். பத்தேகாலுக்கு ஜன்னல் திறந்தது. அலுவலர் வானத்தைப் பார்த்தார். மூடினார்.

மனைவி மூச்சை இழுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடங்கள், மூன்று ரயில்களின் இரைச்சலுக்கு நடுவில், கண்ணாடியில் இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பேசிப் பழகிய குரல் அது.

"ஐயா! மேல இருக்கிறவரே! எனக்கு ஒரு சக்கர நாற்காலி வேணும்! நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள வேணும்!"

வரிசை பதறிப்போய் இரண்டடி விலகியது. "ஐயோ அம்மா, வாய மூடுங்க, எங்களையும் சேத்து எழுதிடுவாங்க!" என்றார் தட்டச்சர். எழுத்தர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மனைவி அவருக்கும் சேர்த்து இன்னொரு முறை கத்தினார். இரண்டாவது மாடியில் ஏதோ உடையும் சத்தம் வந்தது. அரக்குத் துண்டுகள் கீழே உதிர்ந்தன. வெள்ளைத் தலை ஒன்று வெளியே நீண்டது.

"யாரும்மா அது?"

"நான்தான்! டிக்கெட் கவுண்ட்டர்ல வேலை பாக்குறேன்! கால் வராது! நாற்காலி வேணும்!"

"இரு, வர்றேன்!"

மெத்தைக்காரர் யாரையும் எதுவும் கேட்காமல் மாடிப்படிகளில் பாய்ந்தார். பெரியவரை நாற்காலியோடு ஒவ்வொரு படியாக இறக்கி முன்கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, போதகரும் வாழ்க்கை அலுவலரும் வழியை மறித்து நின்றார்கள். மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்திருந்த எழுத்தர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்.

"ஐயா, இது வாழ்க்கையில இல்ல" என்றார் அலுவலர். "அந்தம்மா கேட்டாங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணு கேக்கவே இல்லையே."

"கேக்கலையா?" பெரியவர் சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது. "அரை மணி நேரம் தெருவே அதிர்ற மாதிரி கத்தினா. மழை பெய்யுதே, குடை விக்குமேன்னு நான் பாட்டுக்கு உள்ள உக்காந்திருந்தேன். என் தங்கச்சிதான் வந்து, 'கீழ ஒருத்தி தொண்டை கிழியக் கத்துறா, உனக்கு என்ன உக்காந்த எடத்த விட்டு எழுந்திருக்க முடியாதா'ன்னு முதுகுல ஒண்ணு வச்சா. அப்புறம்தான் எழுந்தேன். நாற்காலி செஞ்சதுகூட அவதான். நான் தூக்கிட்டுப் போனேன்."

"தங்கச்சி ரெண்டாவது திருத்தத்துலயே நீக்கப்பட்டுட்டாங்க ஐயா."

"வாரம் ஒரு கடிதாசி போடுவா. இப்பெல்லாம் மறந்துட்டா போலிருக்கு."

"மறக்கல ஐயா" என்றார் போதகர், இனிமை மாறாமல். "தவறாம வருது. பத்து வருஷத்துக் கடிதத்தையும் ஆவண அறையில பத்திரமா வச்சிருக்கோம். ஒண்ணக்கூடப் பிரிக்கல."

பெரியவர் மெத்தைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாடிப்படியில் உட்கார்ந்தார். "நாற்காலிய வெளிய தள்ளிட்டுப் போ தம்பி" என்றார்.

மனைவி ஏறி உட்கார்ந்தார். இரண்டு சக்கரங்களையும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். வாசல் வழியாகப் பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெய் போடணும்" என்றார்.

அன்று மதியம் ஆட்சிக்குழு அவசரமாகக் கூடியது. நடந்ததை ஒப்புக்கொண்டால் பன்னிரண்டு அத்தியாயங்களும் பொய். செருப்பு வெறும் செருப்பு. எனவே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். நிறுவனரின் நாற்காலி நிறுவனரின் அறையில் இருப்பதாகச் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இல்லாத ஒன்றைத் திருப்பிக் கேட்க முடியாதல்லவா, அதனால் மனைவியிடம் யாரும் வரவில்லை. இருக்கிற ஒன்றுக்கு மாற்று தர முடியாதல்லவா, அதனால் பெரியவருக்குக் கிடங்கிலிருந்து வேறு நாற்காலியும் கொடுக்கவில்லை.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு நிலைய அதிகாரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மனைவி உள்ளே போனார். மூன்றாம் எண் கவுண்ட்டரில் விளக்கு எரிந்தது.

மெத்தைக்காரருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தைக்க உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் உட்கார்ந்தார். சனிக்கிழமை ஸ்தாபனத்துக்குப் போய், நிறுவனரின் நாற்காலியில் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். நாற்காலி அங்கேதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவர்களால் அதை மறுக்க முடியவில்லை. வாழ்க்கை அலுவலர் பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார்.

"ரயிலடிக்குப் போகணும் தம்பி. கொண்டுபோறியா?"

மெத்தைக்காரர் முதுகைக் காட்டிக் குனிந்தார். மாடிப்படி, முன்கூடம், கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றையும் கடந்து இருவரும் ஒரே ஆளாக வெளியே போனார்கள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். தான் பார்ப்பது வாழ்க்கையில் எந்த அத்தியாயத்திலும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் எதையும் பார்க்காதவர்போலக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

மூன்றாம் எண் கவுண்ட்டரில் நல்ல கூட்டம். முறை வந்தபோது, கணவரின் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்த முகத்தை மனைவி கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"எங்க போகணும் ஐயா?"

"தங்கச்சி வீட்டுக்கு. கடைசி ஸ்டேஷன்மா, பாதை அங்கதான் முடியுது."

"போக மட்டுமா? திரும்பி வரவும் சேத்தா?"

"போக மட்டும்."

பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்று முணுமுணுத்தார்கள். மனைவி டிக்கெட்டை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீங்க வர்றது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அங்க யாரு உங்களத் தூக்கி இறக்குவாங்க? எப்படி வீடு போய்ச் சேருவீங்க?"

பெரியவர் இதற்கு யோசிக்கவே இல்லை. "கத்துவேன்" என்றார்.

மனைவி டிக்கெட்டை ஓட்டை வழியாக நீட்டினார்.